மாமனார் மூன்று முறை விழுந்துவிட்டார். இனி நடக்க விடலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். மூன்று மாதம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். இப்போது வாக்கிங் ஸ்டிக் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் தானாக நடக்கிறார். ஆனால் இடது காலை மடக்குவதில்லை. வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசித்தான் வைக்கிறார். "காலை நேரா வைங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. இந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தபோது ஒரு தடவை. கூடத்தில் நடந்துகொண்டிருந்தவரை நான் பின்னாலிருந்து "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க, திரும்பும்போது ஒரு தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போய் ஒரு தடவை. எலும்பு எதுவும் முறியவில்லை. என் கணவர் பயந்துபோய், "இனிமே நடக்கவே வேண்டாம், எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வரட்டும்" என்கிறார். மாமனாரோ, "எனக்கென்ன, நல்லாத்தானே நடக்கிறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஸ்டிக்கை மறந்துவிட்டு எழுந்து போகிறார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். முன்கோபமும் வந்துவிட்டது. இலையின் இடது ஓரத்தில் ஊறுகாய் இருக்கும்போதே "ஏன் ஊறுகாய் வைக்கலை?" என்று சத்தம் போடுகிறார். நடை பழையபடி ஆகுமா? மெஷினில் நடக்க வைக்கும் சிகிச்சைக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். போகலாமா? முதலில், அவரை நடக்க விடலாமா, கூடாதா?

— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கத்தான் வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று இருக்கிறது. கால் பற்றிய வரி இல்லை, ஊறுகாய் பற்றிய வரி.

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு அந்த ஊறுகாய் நிஜமாகவே இல்லை. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட பலருக்கு, இடது பக்க உலகம் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது. கண் பார்க்கிறது, ஆனால் மூளை அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்று சொல்கிறோம். இலையின் இடது ஓரம், கதவின் இடது நிலை, தன்னுடைய இடது கை எல்லாமே இதில் விடுபடும். சட்டை போடும்போது இடது கையை மறந்துவிடுகிறாரா, முகச்சவரம் செய்தால் இடது கன்னத்தில் முடி மிச்சம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிலருக்கு இதோடு பார்வைப் புலத்தில் இடது பாதியே தெரியாமல் போயிருக்கும். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். அதனால் கண் மருத்துவரிடம் பார்வைப் புலச் சோதனை ஒருமுறை செய்துவிடுங்கள்.

"நல்லாத்தானே நடக்கிறேன்" என்று அவர் சொல்வதும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. தன் உடம்பில் ஒரு குறை இருப்பதையே மூளை உணராத நிலை அது. வலது பக்க மூளை பாதிப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன். யோசிக்காமல் சட்டென்று எழுந்துவிடும் அவசரமும் சேர்ந்தே வரும். வீட்டில் எல்லாரும் இதைப் பிடிவாதம் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த மனுஷர் மேல் தப்பே இல்லை. உங்கள் கணவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி, அப்பா சொல்பேச்சு கேட்கமாட்டேன் என்கிறாரே என்ற ஆற்றாமையாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது அந்த மூன்று சம்பவங்களுக்கு வருவோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட நேராக நடந்துகொண்டிருக்கும்போது நடக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுந்தபோது, யாரோ கூப்பிட்டுத் திரும்பியபோது, உட்காரும்போது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் விழுகிறார்கள். நேர்நடையில் கால்கள் ஒரு தாளத்துக்குப் பழகிவிடுகின்றன. அந்தத் தாளம் மாறுகிற இடத்தில்தான் ஆபத்து. நீங்கள் எல்லாரும் அவருடைய அரைவட்ட நடையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரோ வேறு இடங்களில் விழுந்துகொண்டிருக்கிறார்.

அந்த அரைவட்டம் ஏன் வருகிறது என்று சொல்கிறேன். நாம் நடக்கும்போது பின்காலை முன்னால் கொண்டுவர, முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்குகிறது, கூடவே பாதத்தின் முன்பகுதியும் மேலே தூக்கிக்கொள்கிறது. இவ்வளவு செய்தும் கால் விரலுக்கும் தரைக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். உங்கள் மாமனாருக்கு முழங்கால் மடங்குவதில்லை, பாதமும் தொங்குகிறது. அப்படியென்றால் அந்தக் கால், போக வேண்டிய வழிக்கு நீளம் அதிகமான காலாகிவிட்டது. நேராகக் கொண்டுபோனால் விரல் தரையில் இடிக்கும். அதனால் உடம்பு இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருகிறது. விழாமல் இருக்க உடம்பு தானே கண்டுபிடித்த வழி அது. "நேரா வைங்க" என்று நீங்கள் சொல்லி, அவரும் உங்களுக்காக நேராக வைத்தால், அன்றைக்குத்தான் தடுக்கி விழுவார். இன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

நடையைத் திருத்த முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. காரணத்தைத் திருத்தினால் அரைவட்டம் தானாகச் சின்னதாகும். பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்க, காலுக்குப் பின்னால் வைத்துக் கட்டும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் இருக்கிறது. அளவெடுத்துச் செய்தால் நடை வேகமும் நிலைப்பும் கூடுவதை அன்றைக்கே பார்க்கலாம். கெண்டைக்கால் இறுகியிருந்தால் நீட்சிப் பயிற்சி. இறுக்கம் மிக அதிகமென்றால் நரம்பியல் மருத்துவர் போட்யூலினம் ஊசி பற்றி யோசிப்பார். ஸ்பிளின்ட் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அதை வெறும் தரையில் போட்டு நடந்தால் டைல்ஸில் வழுக்கும். மேலே ஷூவோ பின்பட்டை வைத்த செருப்போ கட்டாயம் வேண்டும். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வாசலே தாண்டாத புது ஜோடி ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வைத்துவிட்டால் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்கள்.

நடை பழையபடி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பு நடந்த அதே நடை அச்சு அசலாகத் திரும்புவது குறைவு என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். ஆனால் ஏழாம் மாதத்தில் கதவு மூடிவிடுவதில்லை. ஒன்று செய்யுங்கள். கூடத்தில் நாலு மீட்டர் அளந்து கோடு போட்டு, அவர் வழக்கமாக நடக்கிற வேகத்தில் நடக்கச் சொல்லி, செல்போனில் நேரம் பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் ஆனால், அதாவது விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால், இப்போதைக்கு அவருடைய நடை வீட்டுக்குள் மட்டும்தான். ஐந்து விநாடிக்குள் முடித்தால், அதாவது 0.8 மீட்டருக்கு மேல் என்றால், கடைத்தெருவுக்கே போய்வரலாம். நடுவில் இருந்தால் துணையோடு வெளியே போகலாம். அமெரிக்காவில் ஜாக்குலின் பெர்ரி என்ற எலும்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வகுத்த இந்த அளவுகளைத்தான் நாங்கள் இன்னமும் பயன்படுத்துகிறோம். மாதம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். நடையின் அழகைவிட இந்த எண் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

மெஷின் பற்றி. உடம்பைப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைக்கும் சிகிச்சையை, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கொடுக்கும் சாதாரணப் பயிற்சியோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 408 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேலே வந்திருந்தது. மெஷின் பயிற்சியை ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும் பின்தங்கவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த ஓராண்டில் 57.6 சதவீதம் பேர் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். அவ்வளவு கவனிப்பு இருந்த இடத்திலேயே அப்படி என்றால், உங்கள் வீட்டில் நடந்ததற்கு நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. மெஷின் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கடன் வாங்கிப் போக வேண்டாம் என்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பிளின்ட், பாத்ரூம் கைப்பிடி, சில மாதங்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் எல்லாமே வந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி பெற்ற குடும்பத்தாரே வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் போதுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். குடும்பத்தார் பயிற்சியால் ஆறு மாத முடிவில் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் அன்பும் உழைப்பும் தேவைதான், ஆனால் அதோடு தேர்ந்த ஒரு கண்ணும் வேண்டும். செலவு பிரச்சினையாக இருந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள்.

இனி அந்த மூன்று இடங்களையும் சரிசெய்வோம். இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், என் பயிற்சிக் கூடத்தில் ஒரு பெரியவர் அருமையாக நடந்துகொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் "பேரன் ஸ்கூலுக்குப் போறானா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல என் பக்கம் திரும்பினார். நான் கை நீட்டுவதற்குள் தரையில் இருந்தார். நெற்றியில் இரண்டு தையல். நமக்கு நடை தானாக நடக்கிற காரியம். பக்கவாதத்துக்குப் பிறகு அது ஒவ்வொரு எட்டையும் யோசித்து வைக்கிற வேலையாகிவிடுகிறது. ஒரு கேள்வி கேட்டால் அந்த யோசனையில் பாதியை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997-இலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாமனார் நின்றுகூடப் பதில் சொல்வதில்லை, திரும்பிவிடுகிறார். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: அவர் நடக்கும்போது யாரும் கூப்பிடக்கூடாது, குழந்தைகள் உட்பட. மாத்திரையைப் பற்றி உட்கார்ந்த பிறகு கேட்கலாம்.

திரும்புவதைத் தனியாகவே பழக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒற்றைக் காலில் சுழல்வதுதான் விழவைக்கிறது. பஸ் திரும்புகிற மாதிரி, அகலமாக வளைந்து, நாலைந்து சின்ன எட்டு வைத்துத் திரும்பப் பழக்குங்கள். கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதைச் சுற்றிவரச் சொல்லலாம். நீங்கள் அவருடைய இடது பக்கம், அரை எட்டு பின்னால் நில்லுங்கள். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விழப்போனால் இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பலமில்லாத தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் போகாது.

மூன்றாவது, நாற்காலி. வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி எடை இல்லாதது. டைல்ஸ் தரையில் பாதி உடம்பு பட்டவுடனே பின்னால் நகர்ந்துவிடும். அதை அவர் புழங்கும் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, கைவைத்த கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு காலின் பின்பக்கமும் நாற்காலியைத் தொட்ட பிறகு, வலது கையால் நாற்காலியின் கையைப் பிடித்து, அப்புறம்தான் உட்கார வேண்டும். இதையே பயிற்சியாகவும் ஆக்கிவிடலாம். இடது பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அப்படி வைத்தால் இடது கால் வேலை செய்தே ஆக வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. இந்த ஒரே பயிற்சி தொடையையும் பலப்படுத்தும், நிலைப்பையும் கொடுக்கும். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

முதலாவது, ராத்திரி பாத்ரூம். கட்டிலுக்கு வலது பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் சிறுநீர் பாட்டில் வையுங்கள். வெட்கப்படுவார், மகன் சொன்னால் கேட்பார். போயே ஆக வேண்டும் என்றால், எழுந்து இரண்டு நிமிஷம் கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நின்றவுடன் அழுத்தம் சரியலாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை இருந்தால் எந்த வேளைக்குப் போடலாம் என்றும் அவரிடமே கேளுங்கள், நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். வழியில் விடிவிளக்கு, பாத்ரூம் நிலைப்படியில் பளிச்சென்ற டேப், சுவரில் துளைபோட்டு மாட்டிய இரும்புக் கைப்பிடி. ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் கைப்பிடி வேண்டாம், அது கையோடு வந்துவிடும். கைப்பிடி அவர் கமோடில் உட்கார்ந்தால் வலது கைக்கு வரும் பக்கம் இருக்கட்டும். கைலியின் தொங்கும் நுனி கால் விரலில் மாட்டும். எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டைக்கு மாற்றிப் பாருங்கள். காலுக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கம் இருந்தால், உள்ளங்காலைத் துடைக்காமல் எழுந்திருக்க விடாதீர்கள்.

ஸ்டிக் வலது கையில்தான் இருக்க வேண்டும். நேராக நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் வரவேண்டும். ஸ்டிக், இடது கால், வலது கால் என்பது வரிசை. படி ஏறும்போது வலது கால் முதலில். இறங்கும்போது இடது கால் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

இடது பக்கப் புறக்கணிப்புக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வேலை செய்யுங்கள். டிவி பார்க்கும்போது நீங்கள் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், தண்ணீர்ச் சொம்பை இடது பக்கம் வையுங்கள். கதவு நிலைகளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, தாண்டும் முன் அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறுகாயையும் அதன் இடத்திலேயே வையுங்கள். "வச்சிருக்கேனே, தெரியலையா?" என்று கேட்காமல், "மாமா, தலையை இடது பக்கம் திருப்பிப் பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். இது மாதக்கணக்கில் எடுக்கும். அதுவரை இரண்டு சக்கர வண்டி பக்கமே அவர் போகக்கூடாது.

உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள். உட்கார வைத்தால் விழமாட்டார் என்பது சில வாரங்களுக்குத்தான் உண்மை. நடக்காத காலில் தசை கரையும், எலும்பின் அடர்த்தியும் குறையும். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பலவீனமான பக்கத்து எலும்பு ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கிறது. விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான். அதனால்தான் இடுப்பு எலும்பு முறிவும் அந்தப் பக்கமே அதிகம். ஆறு மாதம் உட்கார்ந்த ஒருவர் என்றாவது ஒருநாள் பாத்ரூமுக்கு எழுந்துதான் தீருவார். அன்றைக்கு விழுந்தால் இப்போது விழுந்ததுபோல் எழுந்து வரமாட்டார்.

மறுபடி விழுந்தால் பதறித் தூக்காதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். இடுப்பு வலித்தாலோ, கால் கோணலாகக் கிடந்தாலோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வலது பக்கம் உருண்டு, நாற்காலியைப் பிடித்து மண்டியிட்டு எழ உதவுங்கள். தலையில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் கட்டாயம். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் திடீரென்று இன்னும் பலவீனமாவது இவற்றில் எது தெரிந்தாலும் அது புதுப் பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது, உங்கள் மாமனார் ஏழு மாதமாகப் போட்டுத் தேய்த்த செருப்பு ஜோடியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இடது செருப்பின் முன்பக்க வெளி ஓரம் வலதைவிடத் தேய்ந்திருந்தால், பாதம் உள்பக்கம் மடங்கித் தரையில் உரசுகிறது என்று பார்த்தவுடனே புரியும், ஸ்பிளின்ட்டையும் அதற்கேற்பச் செய்யலாம். கூடவே செல்போனில் ஒரு வீடியோ எடுத்துப் போங்கள். நேராக நடப்பதை எல்லாரும் எடுத்து வருகிறார்கள். நீங்கள் அவர் திரும்புவதையும், நாற்காலியில் உட்காருவதையும், கதவைத் தாண்டுவதையும் எடுங்கள்.